கொங்கு நாட்டு வெயிலில் எளிதில் எரிச்சலடையும் முகத்தோலுக்கு வெயில் காப்புக் களிம்பைத் தேர்ந்தெடுத்தல்

வெயில் காப்புக் களிம்பு என்பது சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் தோலைத் தாக்காமல் குறைப்பதற்காக மேலே தடவப்படும் பூச்சு ஆகும். கடைகளிலும் பேச்சு வழக்கிலும் இது சன்ஸ்கிரீன் எனப்படுகிறது. களிம்பு, நீர்மம், கூழ், குச்சி எனப் பல வடிவங்களில் கிடைக்கிறது. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் மாவட்டங்களை உள்ளடக்கிய கொங்கு வட்டாரத்தில், முகத்தில் மங்கு விழுந்தவர்கள், வெயிலில் சென்றதும் தோல் சிவந்து அரிப்பவர்கள், நாள் முழுவதும் வெளியில் வேலை செய்பவர்கள் ஆகியோர் இதைத் தேடுகின்றனர். விளம்பரம், விலை, நறுமணம் ஆகியவற்றைப் பார்த்து வாங்கியவர்களுக்குப் பல நேரங்களில் எரிச்சலோ ஏமாற்றமோ மிஞ்சுகிறது. வெயிலின் இயல்பையும் உறையில் உள்ள குறியீடுகளையும் அறிந்தால் தேர்வு எளிதாகும்.

கொங்கு நாட்டு வெயிலின் இயல்பு

கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 411 மீட்டர் உயரத்தில், வட அகலாங்கு 11 பாகையை ஒட்டி அமைந்துள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றால் இங்கு வெப்பம் தணிந்து தெரிகிறது. பல்லடம், உடுமலைப்பேட்டைப் பகுதிகளில் காற்றாலைகள் நிறைந்திருப்பதற்கும் இந்தக் காற்றே காரணம். "கோவையில் வெயில் அவ்வளவாகத் தெரியாது" என்ற பேச்சும் இதிலிருந்து வந்ததே.

ஆனால் உடல் உணரும் வெப்பம் வேறு, புற ஊதாக் கதிர் வேறு. வெப்பத்தைத் தோல் உடனே உணரும். புற ஊதாக் கதிரைக் கண்ணாலும் பார்க்க முடியாது, தோலாலும் உணர முடியாது. காற்று வீசினால் வியர்வை உலர்ந்து உடல் குளிர்கிறது, கதிரின் அளவு குறைவதில்லை. மெல்லிய மேகமும் இக்கதிரின் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். ஆடி மாதக் காற்றில் இதமாக இருக்கிறது என்று மதியம் முழுவதும் வெளியில் நின்றவருக்கு மாலையில் முகம் எரிவதன் காரணம் இதுதான்.

11 பாகை அகலாங்கில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்டு கடைசி வாரத்திலும், நேர் உச்சிக்கு வருகிறது. அதாவது கதிர் வலுவாக இருக்கும் காலம் கோடையோடு முடிந்துவிடுவதில்லை. கோவையில் உச்சிப்பொழுது கடிகாரத்தில் 12 மணிக்குச் சரியாக வருவதுமில்லை. இந்திய நேரம் கிழக்கு நெட்டாங்கு 82.5 பாகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. கோவை அதற்கு மேற்கே ஏறத்தாழ 77 பாகையில் இருப்பதால், உச்சிப்பொழுது சராசரியாக 12.20 மணி அளவில் வருகிறது. எனவே காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை உள்ள வெயிலே மிகுந்த கவனத்திற்குரியது.

கருவி இல்லாமல் கதிரின் வலுவை அறிய நிழலைப் பார்த்தால் போதும். ஒருவருடைய நிழல் அவர் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் வலுவாக உள்ளது என்று பொருள். மாணவர்கள் பள்ளி மைதானத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

மலைப்பகுதிகளுக்குச் செல்பவர்கள் மற்றொன்றையும் அறிய வேண்டும். உயரம் 1,000 மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிர் சுமார் 10 விழுக்காடு கூடுகிறது. உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. எனவே வானம் தெளிவாக உள்ள நாளில் கோவையைவிட அங்குக் கதிர் அதிகம். குளிருக்குப் போர்த்திக்கொள்பவர்கள் முகத்தை மட்டும் திறந்து வைத்திருப்பதால், ஊட்டி, ஏற்காடு, வால்பாறை சென்று திரும்பியதும் முகம் கறுத்துவிட்டதாகக் கூறுவது வழக்கம்.

கதிரின் அளவைக் கூறும் புற ஊதாக் குறியீடு 1992-ஆம் ஆண்டு கனடாவில் தொடங்கி, பின்னர் உலக நலவாழ்வு அமைப்பால் ஏற்கப்பட்டது. இக்குறியீடு 3-ஐ எட்டினாலே பாதுகாப்பு தேவை. 8 முதல் 10 வரை மிக அதிகம், 11-க்கு மேல் கடுமை. தெளிவான வானமுள்ள கோடை மதியங்களில் தென்னிந்தியாவில் இது 11-ஐத் தாண்டுவது இயல்பு. பல கைப்பேசி வானிலைச் செயலிகளில் வெப்பநிலைக்கு அருகிலேயே இந்த எண்ணையும் காணலாம்.

புற ஊதாக் கதிர்கள் தோலில் செய்வது

பூமியை வந்தடையும் புற ஊதாக் கதிர்கள் இருவகைப்படும்.

யூ.வி.பி. கதிர்: அலைநீளம் 280 முதல் 315 நானோமீட்டர். தோலின் மேலடுக்கைச் சிவக்கவும் எரியவும் வைப்பது இதுவே. உடலில் வைட்டமின் டி உருவாகவும் இது உதவுகிறது. சன்னல் கண்ணாடி இதைப் பெரும்பாலும் தடுத்துவிடும்.

யூ.வி.ஏ. கதிர்: அலைநீளம் 315 முதல் 400 நானோமீட்டர். தரைக்கு வரும் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 95 விழுக்காடு இதுவே. தோலின் ஆழம் வரை சென்று கறுப்பையும் சுருக்கத்தையும் உண்டாக்குகிறது. சாதாரணக் கண்ணாடியை ஊடுருவி வரும்.

கண்ணாடியை ஊடுருவும் தன்மைக்கு ஓர் எடுத்துக்காட்டு புகழ் பெற்றது. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் முகப்படம் 2012-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. சன்னல் பக்கம் இருந்த இடது கன்னத்தில் மட்டும் தோல் தடித்து, ஆழமாகச் சுருங்கியிருந்தது. நாமக்கல், சங்ககிரி போன்ற லாரித் தொழில் ஊர்களில் இச்செய்தி நேரடிப் பொருள் உடையது. இந்தியாவில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால் இங்கு வலது கன்னமும் வலது கையும் கூடுதலாகப் பாதிக்கப்படும்.

தோலின் நிறத்திற்கும் வெயிலைத் தாங்கும் திறனுக்கும் உள்ள தொடர்பை அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமசு ஃபிட்சுபாட்ரிக் 1975-இல் வகைப்படுத்தத் தொடங்கினார். பின்னர் விரிவாக்கப்பட்ட அந்த ஆறு வகைகளில் தமிழர்களில் பெரும்பாலோர் நான்காம், ஐந்தாம் வகைகளில் அடங்குவர். இத்தோலில் மெலனின் மிகுதி. ஆகையால் வெள்ளைத் தோலினரைப்போல் எளிதில் கொப்புளிப்பதில்லை, தோல் புற்றுநோயும் குறைவு. ஆனால் சிறு அழற்சி ஏற்பட்டாலும் அந்த இடம் கறுத்து, மாதக்கணக்கில் மறையாமல் நிற்கும். எனவே இங்கு வெயில் காப்பின் முதன்மை நோக்கம் நிறத்தை வெளுக்கச் செய்வது அன்று. கருந்திட்டு, அழற்சி, ஒளி ஒவ்வாமை ஆகியவற்றைக் குறைப்பதே நோக்கம்.

கூடுதல் கவனம் தேவைப்படுவோர்

களிம்பு வாங்கும் முன் தோல் ஏன் வெயிலைத் தாங்கவில்லை என்று அறிவது முதற்படி. கொங்குப் பகுதியில் காணப்படும் காரணங்களில் சில வருமாறு.

மங்கு: கன்னம், மூக்கு, நெற்றி, மேலுதடு ஆகிய இடங்களில் பழுப்புத் திட்டாகப் படர்வது. பெண்களிடமும் கருவுற்ற காலத்திலும் அதிகம். வெயில் இதை வளர்க்கும். 2010-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் உள்ள ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை ஆய்வாளர்கள், கருநிறத் தோலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நீடித்த கறுப்பை உண்டாக்கும் என்று காட்டினர். மங்கு உள்ளவர்களுக்கான களிம்பு மற்றவர்களுடையதிலிருந்து வேறுபடுவதற்கு இதுவே காரணம்.

பார்த்தீனிய ஒவ்வாமை: தரிசு நிலங்களிலும் சாலையோரங்களிலும் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியச் செடியின் நுண்துகள்கள் காற்றில் பரவி முகம், கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். 1950-களில் புனேப் பகுதியில் கவனிக்கப்பட்ட இச்செடி பின்னர் நாடெங்கும் பரவியது. நாள்பட்ட ஒவ்வாமை சிலருக்கு வெயிலையே தாங்க முடியாத நிலைக்கு மாறிவிடும். இவர்களுக்குக் களிம்பு துணையே. செடியிலிருந்து விலகுவதும் மருத்துவமும் முதன்மை.

மருந்துகள்: பருவுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் தரப்படும் டாக்சிசைக்ளின், இரத்த அழுத்தத்திற்கான ஹைட்ரோகுளோரோதயாசைடு, இதயத் துடிப்புச் சீர்கேட்டிற்கான அமியோடரோன், பருவுக்கான ட்ரெட்டினாயின் போன்றவை வெயிலின் தாக்கத்தைக் கூட்டக்கூடியவை. கீட்டோபுரோஃபேன் கலந்த மூட்டுவலிக் களிம்பும் அவ்வாறே. மருந்தை நிறுத்தாமல், மருத்துவரிடம் கேட்டு வெயிலைத் தவிர்க்க வேண்டும்.

ஸ்டீராய்டு கலந்த முகக் களிம்புகள்: இந்தியாவில் "எளிதில் எரியும் முகத்தோல்" என்று கூறப்படுவதில் ஒரு பகுதி உண்மையில் இதனால் வந்ததே. மங்கு மறைய, நிறம் கூட என்று மருந்துக்கடையில் தாமாக வாங்கித் தடவும் சில களிம்புகளில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் உள்ளன. முதல் சில வாரங்களில் முகம் தெளிந்ததுபோல் தோன்றும். பின்னர் தோல் மெலிந்து, சிவந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, பருக்கள் தோன்றும். நிறுத்தினால் எரிச்சல் கூடும் என்பதால் விட முடியாமல் தொடர்வர். இதைத் தடுக்க 2018-இல் நடுவண் அரசு, மேலே தடவும் 14 ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. இத்தகைய முகத்தில் எந்த வெயில் காப்புக் களிம்பும் எரியும். களிம்புகளை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. தோல் மருத்துவரின் மேற்பார்வையில் ஸ்டீராய்டிலிருந்து விடுபட வேண்டும்.

இவர்களைத் தவிர, வெண்புள்ளி உள்ளவர்கள், லூபஸ் நோயாளிகள், முகப்பரு ஆறி வடு கறுத்தவர்கள் ஆகியோருக்கும் வெயில் காப்பு தேவை. மங்குபோலத் தோன்றும் கறுப்பு அனைத்தும் மங்கு ஆகாது. செயற்கைச் சாயம் கலந்த குங்குமம், தலைமுடிச் சாயம் ஆகியவற்றின் ஒவ்வாமையாலும் நெற்றியும் கன்னமும் கறுக்கலாம். காரணத்தை நீக்காமல் களிம்பு மட்டும் தடவினால் அது மாறாது.

உறையில் உள்ள குறியீடுகள்

எஸ்.பி.எஃப்.: வெயில் காப்பு எண். யூ.வி.பி. கதிரால் தோல் சிவப்பதை எந்த அளவு தடுக்கிறது என்பதைக் கூறுவது. ஆஸ்திரிய வேதியியலாளர் பிரான்சு கிரைட்டர் 1974-இல் இம்முறையை அறிமுகப்படுத்தினார். எண் 15 உள்ளது ஏறத்தாழ 93 விழுக்காடும், 30 உள்ளது 97 விழுக்காடும், 50 உள்ளது 98 விழுக்காடும் தடுக்கின்றன. எண் இருமடங்கானால் பாதுகாப்பு இருமடங்காவதில்லை என்பது இதனால் விளங்கும். எனினும் மக்கள் தேவையான அளவைவிடக் குறைவாகவே தடவுவதால், வெளியில் வேலை செய்வோரும் மங்கு உள்ளோரும் 50-ஐத் தேர்வது நல்லது. மற்றவர்களுக்கு 30 போதும். "30 என்றால் 300 நிமிடம் தாங்கும்" என்பது போன்ற கணக்குகள் தவறானவை. அந்த எண் நேரத்தைக் குறிப்பதன்று.

பி.ஏ.: யூ.வி.ஏ. கதிருக்கான ஜப்பானியத் தரவரிசை. 1996-இல் தொடங்கியது. ஒரு கூட்டல் குறி குறைந்த காப்பையும் நான்கு கூட்டல் குறிகள் மிகுந்த காப்பையும் காட்டும். மங்கும் கறுப்பும் கவலையாக இருப்பவர்கள் எஸ்.பி.எஃப். எண்ணைவிட இதையே முதலில் பார்க்க வேண்டும். மூன்று அல்லது நான்கு கூட்டல் குறிகள் தேவை. ஐரோப்பிய முறையில் வட்டத்திற்குள் யூ.வி.ஏ. என்ற எழுத்துகள் இருக்கும். அதன் பொருள், யூ.வி.ஏ. காப்பு எஸ்.பி.எஃப். எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது உள்ளது என்பதாகும்.

நீரைத் தாங்குவது: வியர்வையிலும் நீரிலும் 40 அல்லது 80 நிமிடம் கரையாமல் நிற்பதைக் குறிக்கும். முழுமையாக நீர் புகாத களிம்பு என்று ஒன்றில்லை.

இந்தியாவில் வெயில் காப்புக் களிம்புகள் அழகுப் பொருள்களாகக் கருதப்பட்டு, 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டத்தின்கீழும் 2020-ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகளின்கீழும் வருகின்றன. உறையில் உற்பத்தி உரிம எண், தொகுதி எண், பயன்படுத்த வேண்டிய கடைசி நாள், சேர்மானப் பட்டியல் ஆகியவை உள்ளனவா என்று பார்த்து வாங்க வேண்டும். இவை இல்லாதவற்றையும் சில்லறையாகப் பிரித்து விற்பனவற்றையும் தவிர்க்க வேண்டும்.

கதிர் வடிப்பான்களின் வகைகள்

களிம்பில் கதிரைத் தடுக்கும் பொருள் வடிப்பான் எனப்படும். இதில் இரு வகைகள் உண்டு.

தாது வடிப்பான்கள்: ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு. இவை கண்ணாடிபோல் கதிரைத் திருப்பி அனுப்புகின்றன என்று சொல்லப்படுவது உண்டு. உண்மையில் பெரும்பகுதியை உறிஞ்சியே தடுக்கின்றன. இவற்றால் ஒவ்வாமை ஏற்படுவது மிக அரிது. எளிதில் எரிச்சலடையும் தோல், குழந்தைகள், கருவுற்றோர் ஆகியோருக்கு முதல் தேர்வு இதுவே. மாநிறத் தோலில் சாம்பல் பூசியதுபோல் வெள்ளையாகத் தெரிவது இதன் குறை.

கரிம வடிப்பான்கள்: அவோபென்சோன், ஆக்டினாக்சேட், ஆக்டோகிரைலீன், ஆக்சிபென்சோன், பெமோட்ரிசினால் போன்றவை. தோலில் வெள்ளை படியாது, தடவ எளிது. அவோபென்சோன் யூ.வி.ஏ. கதிரை நன்கு தடுக்கும். ஆனால் தனித்திருந்தால் வெயிலில் சிதையும், ஆக்டினாக்சேட்டுடன் சேர்ந்தால் இன்னும் விரைவாகச் சிதையும். ஆக்சிபென்சோன் ஒளி ஒவ்வாமை உண்டாக்குவதில் முன்னிற்பது. அது சேர்ந்த பென்சோபீனோன் குடும்பத்தை அமெரிக்கத் தொடு ஒவ்வாமைக் கழகம் 2014-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. உறையில் இது பென்சோபீனோன்-3 என்றும் எழுதப்படலாம். கீட்டோபுரோஃபேன் களிம்பால் ஒவ்வாமை வந்தவர்கள் ஆக்டோகிரைலீனையும் தவிர்ப்பது நல்லது. பெமோட்ரிசினால் ஒளியில் சிதையாதது, ஒவ்வாமையும் குறைவு.

பவளப் பாறைகளுக்குக் கேடு என்ற கவலையால் ஹவாய் மாநிலம் 2018-இல் சட்டமியற்றி, 2021 முதல் ஆக்சிபென்சோனும் ஆக்டினாக்சேட்டும் கலந்த களிம்புகளின் விற்பனையைத் தடை செய்தது.

எரிச்சலுக்கு வடிப்பான் மட்டுமே காரணமாவதில்லை. நறுமணப் பொருள், ஆல்கஹால், பதனப் பொருள் ஆகியவையும் காரணமாகும். "இயற்கை", "மூலிகை" என்று எழுதியிருப்பதால் ஒவ்வாமை வராது என்பதற்கு உறுதியில்லை. நறுமண எண்ணெய்களும் தாவரச் சாறுகளே. "வாசனையற்றது" என்ற குறிப்பும், நீளம் குறைந்த சேர்மானப் பட்டியலும் நல்ல அடையாளங்கள்.

தோலுக்கு ஏற்ற தேர்வு

எளிதில் எரியும், அரிக்கும் தோல்: ஜிங்க் ஆக்சைடு முதன்மையாக உள்ள, நறுமணமும் ஆல்கஹாலும் இல்லாத களிம்பு.

மங்கு உள்ள தோல்: எஸ்.பி.எஃப். 50, பி.ஏ. நான்கு கூட்டல், அதனுடன் இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள களிம்பு. இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் குறைக்கும். ஜிங்க் ஆக்சைட்டின் வெள்ளைப் படிவையும் மறைக்கும்.

எண்ணெய் வழியும், பரு வரும் தோல்: துளைகளை அடைக்காத வகை என்று குறிக்கப்பட்ட, நீர்த்தன்மையுள்ள இலேசான பூச்சு அல்லது கூழ். கூழ்களில் ஆல்கஹால் இருக்கக்கூடும் என்பதால் புண்ணான தோலில் எரியும்.

வறண்ட தோல்: ஈரப்பதம் தரும் களிம்பு வடிவம். மார்கழி, தை மாதப் பனிக்காற்றில் இது ஏற்றது.

வெளியில் வியர்வை சிந்தி வேலை செய்வோர்: 80 நிமிடம் நீரைத் தாங்கும் வகை. வியர்வையோடு கண்ணில் இறங்கி எரியும் என்பதால் கண்ணைச் சுற்றித் தாது வடிப்பான் உள்ள குச்சி வடிவம் நல்லது.

ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுக்குக் களிம்பு தடவாமல், நிழலிலும் துணிக்குள்ளும் வைத்துக் காப்பதே முறை.

தடவுவதற்கு முன் சோதனை

புதிய களிம்பை நேராக முகம் முழுவதும் தடவக் கூடாது. முழங்கை மடிப்பின் உட்புறத்தில் ஒரு சிறு இடத்தில் காலையும் மாலையும் ஒரு வாரம் தடவிப் பார்க்க வேண்டும். சிவப்போ அரிப்போ இல்லையெனில் தாடை ஓரத்தில் இரண்டு நாள் தடவி, பின் முகத்திற்குச் செல்லலாம். சில ஒவ்வாமைகள் வெயில் பட்டால் மட்டுமே வெளிப்படும். வெயிலில் சென்ற பிறகே அரிப்பு வந்தால் களிம்பை நிறுத்திவிட்டு, அதன் உறையுடன் தோல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்பதை ஒட்டுச் சோதனை மூலம் அவரால் கண்டறிய முடியும்.

அளவும் முறையும்

உறையில் உள்ள எஸ்.பி.எஃப். எண், ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் தடவிச் சோதித்துப் பெற்றது. முகமும் முன்கழுத்தும் சேர்ந்து ஏறத்தாழ 600 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால்,

600 × 2 = 1,200 மில்லிகிராம், அதாவது 1.2 கிராம்

தேவை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்திற்கும் களிம்பை இரு கோடுகளாகப் பிதுக்கினால் ஏறத்தாழ இவ்வளவு வரும். பெரும்பாலோர் இதில் பாதியோ கால் பங்கோதான் தடவுகின்றனர். அப்போது கிடைக்கும் பாதுகாப்பு உறையில் உள்ள எண்ணைவிட மிகவும் குறைந்துவிடும்.

வெளியில் செல்வதற்கு 15 முதல் 20 நிமிடங்களுக்கு முன் தடவ வேண்டும். காது, மூக்கின் ஓரம், கழுத்தின் பின்புறம் ஆகியவை பலரும் மறக்கும் இடங்கள். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையும், வியர்வையைத் துடைத்த பிறகும் மீண்டும் தடவ வேண்டும். இரவில் மென்மையான சோப்பால் கழுவிவிட வேண்டும். களிம்புக் குழாயை ஸ்கூட்டர் பெட்டியிலோ காரின் முன்கண்ணாடி அருகிலோ வைத்தால் சூட்டில் கெட்டுவிடும்.

செலவும் துணிக்காப்பும்

50 கிராம் குழாயை ஒரு முறைக்கு 1.2 கிராம் வீதம் தடவினால் சுமார் 41 முறை வரும். ஒரு நாளைக்கு இருமுறை என்றால் மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். குழாயின் விலை 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதத்திற்கு ஏறத்தாழ 600 ரூபாய் ஆகும். ஒரு குழாய் ஆறு மாதம் வருகிறது என்றால் தேவையான அளவு தடவப்படவில்லை என்பதே பொருள். விலையுயர்ந்த களிம்பைச் சிக்கனமாகத் தடவுவதைவிட, விலை குறைந்த, முகத்திற்கு ஒத்துக்கொள்ளும் களிம்பைப் போதிய அளவு தடவுவதே பயன் தரும்.

தினக்கூலி வேலை செய்வோருக்கு இந்தச் செலவும் கடினம். அவர்களுக்கு நிழலும் துணியுமே முதல் காப்பு. கொங்கு நாட்டுக் காடுகளில் களையெடுக்கவும் மஞ்சள் அறுவடைக்கும் செல்லும் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை அணிந்து, தலையில் துண்டு கட்டிக்கொள்வதும், ஆண்கள் உருமால் கட்டுவதும் பழைய வழக்கம். அறிவியல் நோக்கிலும் இது சரியானதே. துணியின் காப்பு அதன் நெசவைப் பொறுத்தது. மெல்லிய வெள்ளை பனியன் துணி கதிரைக் கணிசமாக உள்ளே விடும், வியர்வையில் நனைந்தால் இன்னும் அதிகமாக விடும். நெருக்கமாக நெய்த, அடர்நிறத் துணி நன்கு தடுக்கும். துணியை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஒளி ஊடுருவும் அளவு தெரிந்துவிடும். தலையில் கட்டும் துண்டு முகத்திற்கு நிழல் தராது. எனவே அகலமான விளிம்புள்ள தொப்பியோ, துண்டை நெற்றிக்கு முன்னே நீட்டிக் கட்டுவதோ தேவை. குடையும் நன்று.

பள்ளிகளிலும் விளையாட்டுப் பயிற்சியைக் காலை 9.30 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பின்பும் வைத்துக்கொண்டால், எந்தக் களிம்பும் தர முடியாத பாதுகாப்பு செலவின்றிக் கிடைக்கும்.

வீட்டு வழக்கங்கள்

மஞ்சள்: ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மஞ்சள் பூசுவது இப்பகுதியின் நெடுநாள் வழக்கம். ஆனால் அது வெயில் காப்பு ஆகாது.

தேங்காய் எண்ணெய்: வறட்சியைப் போக்கும். வெயிலைத் தடுக்கும் திறன் போதாது.

எலுமிச்சைச் சாறு: கறுப்பு நீங்கும் என்று முகத்தில் தடவி வெயிலில் செல்வது தீங்கானது. எலுமிச்சையில் உள்ள ஃபியூரனோகூமரின் என்னும் பொருள் வெயில் பட்டதும் தோலைப் புண்ணாக்கி, இன்னும் அழுத்தமான கறுப்பை விட்டுச்செல்லும்.

கலாமைன் நீர்மம்: இதில் ஜிங்க் ஆக்சைடு உண்டு. ஆயினும் இது அரிப்புக்கும் வேர்க்குருவுக்கும் உரியது. எஸ்.பி.எஃப். எண் குறிக்கப்படாத கலாமைனை வெயில் காப்பாகக் கொள்ளக் கூடாது.

பயனும் வரம்பும்

வெயில் காப்புக் களிம்பின் பயனுக்கு வலுவான சான்று ஆஸ்திரேலியாவின் நம்பூர் நகரில் 1992 முதல் 1996 வரை 1,621 பேரிடம் நடந்த ஆய்வு. நாள்தோறும் தடவியவர்களிடம் ஒருவகைத் தோல் புற்றுக்கட்டிகள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தன. தோல் முதுமையடைவதும் குறைந்தது என்று 2013-இல் வெளியான முடிவுகள் கூறின. இது பெரும்பாலும் வெள்ளைத் தோலினரிடம் நடந்தது என்பதால் இந்த எண்களை அப்படியே தமிழருக்குப் பொருத்த முடியாது. மாநிறத் தோலினருக்கு மங்கும் கருந்திட்டும் குறைவதே கண்கூடான பயன். மங்குக்கான மருத்துவம் எதுவாயினும், வெயில் காப்பு இல்லாவிட்டால் திட்டு மீண்டும் வந்துவிடும்.

களிம்பு தடவினால் வைட்டமின் டி முற்றிலும் நின்றுவிடும் என்ற அச்சம் தேவையில்லை. அன்றாடப் பயன்பாட்டில் ஓரளவு கதிர் தோலை அடையவே செய்கிறது. குறைபாடு உள்ளதாக இரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் மருத்துவர் மாத்திரை தருவார்.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

எந்தக் களிம்பு தடவினாலும் முகம் எரிதல், வெயில் பட்ட சில நிமிடங்களில் தடிப்பு எழுதல், கன்னங்களில் சிவப்புப் படர்வதோடு மூட்டுவலியும் காய்ச்சலும் இருத்தல், கறுப்பு வேகமாகப் பரவுதல், மச்சத்தின் வடிவமோ நிறமோ மாறுதல், ஆறாத புண் ஆகியவை இருந்தால் தோல் மருத்துவரைக் காண வேண்டும். கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு உள்ளது. செல்லும்போது அதுவரை முகத்தில் தடவிய எல்லாக் களிம்புகளின் உறைகளையும் எடுத்துச் செல்வது நோயைக் கண்டறிய மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

சுருக்கம்

1. வெப்பத்தைக் கொண்டு வெயிலை அளக்கக் கூடாது. நிழலின் நீளத்தையோ புற ஊதாக் குறியீட்டையோ பார்க்க வேண்டும்.
2. தோல் வெயிலைத் தாங்காததன் காரணத்தை முதலில் அறிய வேண்டும்.
3. எஸ்.பி.எஃப். 30 அல்லது 50, பி.ஏ. மூன்று அல்லது நான்கு கூட்டல் குறிகள் தேவை.
4. எளிதில் எரியும் தோலுக்கு நறுமணமற்ற தாது வடிப்பான் களிம்பும், மங்குக்கு இரும்பு ஆக்சைடு கலந்த நிறக் களிம்பும் ஏற்றவை.
5. ஒரு வாரம் சோதித்த பின்பே முகத்தில் தடவ வேண்டும்.
6. இரு விரல் நீள அளவு, இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை.
7. நிழல், துணி, குடை ஆகியவை முதல் காப்பு. களிம்பு அவற்றுக்குத் துணை.